எழுபத்தைந்து கிலோ பாப்பா

1

இந்தக் கதையை நான் யோசித்து எழுதவில்லை. ஒரு டூல் பாக்ஸின் மூடியிலிருந்து உரித்து எடுத்தேன். அதை முதலிலேயே ஒப்புக்கொள்வது நல்லது. என்னைக் கற்பனை வளம் மிக்கவள் என்று நீங்கள் தப்பாக நினைத்துவிடக் கூடாது.

போன மாதம் அப்பா வீடு மாறினார். வேலை பார்த்த காலமெல்லாம் ஊராரின் லிப்டுகளைப் பழுது பார்த்த மனிதர், லிப்ட் இல்லாத கட்டடத்தில், மூன்றாவது மாடியில், இருபத்தாறு வருடம் குடியிருந்தார். இப்போது முட்டி மக்கர் செய்யவே தரைத்தளத்தில் ஓர் அறை பார்த்துக்கொண்டார். சாமான் கட்ட நான் போயிருந்தேன். எங்கள் இருவருக்கும் பேசத் தெரிந்ததெல்லாம் சாமான்களைப் பற்றித்தான். அதனால் அந்த நாள் சுமுகமாகவே போனது.

“இந்தப் பெட்டிய நீ எடுத்துட்டுப் போ. உன் பையனுக்கு ஸ்பானர்னா உயிராச்சே.”

“உங்களுக்கு வேணாமாப்பா?”

“எனக்கு இனிமே எதை முடுக்கணும்?”

வீட்டுக்கு வந்ததும் என் மகன் அதைத் திறந்தான். ஏழு வயது, எதையும் திறந்து பார்க்காமல் அவனுக்குத் தூக்கம் வராது. மூடியின் உட்புறத்தில் பழுப்பு நாடா போட்டு ஒட்டிய ஓர் உறை இருந்தது. உள்ளே ஒரு நாள்காட்டித் தாள், ஒரு படிவம், ஒரு கடிதம், சின்னச் சின்ன அட்டைகள் ஆறு.

படிவம் இருபத்தைந்து வருடப் பழசு. ஒரு பனிச்சறுக்கு விடுதி அனுப்பியது. குளிர்கால விடுமுறைக்கு வரும் குடும்பத்தில் ஒவ்வொருவருக்கும் சறுக்குப் பலகையும் காலணியும் எடுத்துவைக்க, ஆறு வாரம் முன்னதாகவே நிரப்பி அனுப்ப வேண்டும். வயது, உயரம், பாத அளவு, எடை. முதல் வரிசையில் அப்பா, எடை 75. இரண்டாம் வரிசையில் மகள், வயது ஒன்பது, எடை 75.

அந்த மகள் நான்தான். பிள்ளைத்தாய்ச்சியாக இருந்தபோதுகூட நான் எழுபத்தைந்தைத் தொட்டதில்லை. பனியையும் தொட்டதில்லை. அப்படி ஒரு பயணம் எனக்காகத் திட்டமிடப்பட்டது என்பதே முப்பத்துநாலு வயதில், மகன் நீட்டிய காகிதத்தைப் பார்த்துத்தான் எனக்குத் தெரியும்.

2

தொடக்கம் சரியாக வரவில்லை. மேலே நீங்கள் படித்தது நான்காவது முயற்சி. மற்ற மூன்றையும் மறைக்காமல் தருகிறேன்.

முதல் முயற்சி: “பனி பொழிந்துகொண்டிருந்தது.” அடித்துவிட்டேன். இந்தக் கதையில் பனி எங்கேயும் பொழியப்போவதில்லை. பார்க்காத ஒன்றைப் பொழியவிட எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

இரண்டாம் முயற்சி: “அவன் ஒரு செருப்புக் கடையில் வேலை பார்த்தான். யார் வாசலில் கால் வைத்தாலும் அளவைச் சொல்லிவிடுவான், தன் மகளின் காலைத் தவிர—” இதைப் பாதியிலேயே விட்டேன். கதைக்கு ரொம்ப வசதியாக இருந்தது. அப்பாவை ஒளித்துவைக்கத்தான் அவரைச் செருப்புக் கடைக்கு அனுப்பினேன் என்பது எனக்கே தெரிந்துவிட்டது.

மூன்றாம் முயற்சி: “அப்பா எங்களை விட்டுப் போன வருடம்—” யார் யாரை விட்டுப் போனார்கள் என்பதற்கு அம்மாவிடம் ஒரு பதில் இருக்கிறது, அப்பாவிடம் ஒரு பதில் இருக்கிறது. எனக்கு எட்டு வயது, யாரும் என்னைக் கேட்கவில்லை. அவர் வேறு ஊருக்குப் போனார். ஞாயிற்றுக்கிழமை காலை போன். குளிர்கால விடுமுறையில் ஒரு வாரம் நான் அவரிடம். ஏற்பாடு அவ்வளவுதான். வருடத்துக்கு ஒரு வாரம்.

3

ஏன் எழுபத்தைந்து?

அடுத்த முறை லிப்டில் ஏறும்போது உள்ளே இருக்கும் தகட்டைப் பாருங்கள். எட்டுப் பேர், 600 கிலோ என்று போட்டிருக்கும். அப்பாவின் தொழிலில் ஓர் ஆள் என்றால் எழுபத்தைந்து கிலோ. ஒல்லி, குண்டு, கிழவர், கைக்குழந்தை, எல்லாரும் எழுபத்தைந்துதான். என் வகுப்பில் எழுபத்தைந்தாம் வாய்ப்பாடு தெரிந்த ஒரே ஆள் நான். காலை எழுந்து பல் தேய்க்கும்போதே அப்பா கேட்பார், “பாப்பா, பதிமூணு பேருக்கு?” நான் நுரையோடு சொல்வேன், “தொள்ளாயிரத்து எழுபத்தஞ்சு!”

அப்பாவின் கை படிவத்தைப் பார்த்ததும் பழக்கதோஷத்தில் இரண்டு வரிசையிலும் எழுபத்தைந்து என்று எழுதி, ஒட்டி, தபாலில் போட்டுவிட்டது. அவர் ஒரு நகல் வைத்துக்கொண்டார். உறையில் இருப்பது அந்த நகல். உயரத்தில் தப்பில்லை.* எடையில்தான் மாட்டிக்கொண்டார்.

* உயரம் அவருக்குத் தெரியும். எந்த மாடிப் பொத்தானை எட்டி அழுத்துகிறேன் என்பதை வைத்துக் கணக்கு வைத்திருந்தார். பிரிந்த வருடம் நான் ஐந்தாம் மாடியை எட்டிவிட்டேன்.

விடுதியின் கடிதம் மரியாதையானது. “ஐயா, தங்கள் படிவத்தில் ஒன்பது வயதுக் குழந்தையின் எடை 75 கிலோ என்று குறிப்பிடப்பட்டுள்ளது. சறுக்குப் பலகையில் காலணியைப் பிடித்திருக்கும் கவ்வியை எடைக்கு ஏற்பவே முடுக்குகிறோம். குழந்தை விழும்போது கவ்வி தானாகத் திறந்தால்தான் கால் தப்பும். எடை தவறானால் திறக்காது. தயவுசெய்து சரியான எடையைத் தெரிவிக்கவும்.”

இதைப் படித்தபோது அவருக்கு எப்படி இருந்திருக்கும் என்று என்னால் எழுத முடியும். கயிறு அறுந்தால் தானாகப் பிடிக்க வேண்டிய கவ்விகளைச் சோதிப்பதுதான் அவர் பிழைப்பு. எழுத வேண்டாம் என்று பார்க்கிறேன்.

4

இந்தப் பகுதி பாதி புனைவு.

நாள்காட்டித் தாளில் ஒரு வெள்ளை மலை. அதன் மேல் கம்பிக் கயிற்றில் நாற்காலிகள் தொங்கிக்கொண்டு போகின்றன. பின்பக்கம் அப்பாவின் குண்டு எழுத்தில்: “பாப்பா, 5 வயசு. ‘அப்பா, கட்டடமே இல்லாம லிப்ட் போகுது!’” நான் சொன்னதாம். எனக்கு நினைவில்லை. நான் சொல்லி மறந்த ஒரு வாக்கியத்தை அவர் நாலு வருடம் பத்திரமாக வைத்திருந்து, அதற்காக விடுதி தேடியிருக்கிறார்.

இனி புனைவு. அப்பா விடுதி விடுதியாகப் போன் போடுகிறார்.

“சொல்லுங்க சார், எத்தனை பேர்?”

“ரெண்டு பேர். நானும் பொண்ணும். உங்க நாற்காலி லிப்டுக்குக் கயிறு எப்ப மாத்துனீங்க?”

“சார்?”

“இரும்புக் கயிறும்மா. போட்டு எத்தனை வருஷமாச்சு?”

“சார், எங்ககிட்ட குழந்தைங்களுக்குன்னே தனிச் சரிவு இருக்கு. கத்துக்குடுக்க ஆள் இருக்காங்க. மத்தியானச் சாப்பாடும் அங்கயே—”

“அதெல்லாம் இருக்கட்டும். கயிறு?”

இரண்டு விடுதிகள் போனை வைத்துவிட்டன. மூன்றாவதில் இருந்த பெண் பொறுமைசாலி. மெக்கானிக்கைக் கூப்பிட்டுக் கொடுத்தாள். இரண்டு மெக்கானிக்குகளும் அரைமணி நேரம் ஆனந்தமாகப் பேசினார்கள். போனை வைத்த பிறகுதான் அறையைப் பதிவு செய்யவில்லை என்று அப்பாவுக்கு உறைத்தது. மறுபடியும் போன் செய்தார்.

பாதி புனைவு என்றேன் அல்லவா, மீதி பாதி இதோ. படிவ நகலின் ஓரத்தில் பென்சிலால் எழுதியிருக்கிறது: “கயிறு போன வருஷம் மாத்துனது. நல்ல மனுஷன்.” பிள்ளையோடு போகத் தகுந்த விடுதியை என் அப்பா தேர்ந்தெடுத்த விதம் அது. என்னைத் தூக்கிப்போகும் கயிறு புதுசா என்று மட்டும் பார்த்தார். அதற்கு மேல் ஒரு தகப்பன் என்ன பார்க்க வேண்டும் என்று எனக்கும் தெரியவில்லை.

5

இங்கேதான் எனக்கு இந்தப் பாத்திரத்தின் மேல் சந்தேகம் வருகிறது.

ஓர் எண்தானே? குத்துமதிப்பாக எழுதி அனுப்பியிருக்கலாமே? முயன்றிருக்கிறார். நகலில் 75 அடிக்கப்பட்டு 20. அதுவும் அடிக்கப்பட்டு 24. பிறகு 30. பிறகு அதற்கும் மேல் ஒரு கோடு. எடை விஷயத்தில் ‘உத்தேசம்’ என்பது அவருக்குக் கெட்ட வார்த்தை.*

* “அங்க போய் இறங்கி எடை பார்த்திருக்கலாமே?” என்றார் என் கணவர். கதை எழுதுகிறவளின் கணவர் இப்படியெல்லாம் கேட்கக் கூடாது. ஆனால் நியாயமான கேள்வி. என் பதில்: ஆளை ஏற்றிவிட்டு, மேலே போய்ச் சோதித்துக்கொள்ளலாம் என்று நினைக்கிற மெக்கானிக் இல்லை அவர்.

என்னிடமே கேட்டிருக்கலாம். கேட்டால் எதற்கு என்று நான் கேட்பேன், குட்டு உடைந்துவிடும். ஆக மிச்சம் அம்மா. ஒன்பது வயதில் அந்த உரையாடலின் ஒரு பாதியை நான் கேட்டேன். சாப்பாட்டு மேசையில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தேன். அம்மா வேலை உடுப்பைக்கூட மாற்றாமல் போனை எடுத்தாள்.

“ம். சாப்பிடறா.”

...

“நல்லாத்தான் சாப்பிடறா. இதென்ன புதுக் கேள்வி?”

...

“எவ்வளவுன்னா? அளந்தா போடறேன்?”

...

“வளர்ந்திருக்காளான்னா என்ன அர்த்தம்? நான் என்ன பட்டினியா போடறேன்? வருஷத்துக்கு ஒரு வாரம் பாக்கறவர் என்னைக் கேள்வி கேக்க வந்துட்டாரு!”

போனை வைத்த சத்தத்தில் என் பென்சில் உருண்டு கீழே விழுந்தது. அதற்குப் பிறகு அவர்கள் என்னைப் பற்றிக் கேள்விகள் கேட்டுக்கொண்டதில்லை. நான் வருகிற பஸ்ஸின் நேரத்தை மட்டும் சொல்லிக்கொள்வார்கள்.

மகளின் எடை தெரியாது என்று, பிரிந்த மனைவியிடம் ஒப்புக்கொள்ள அவருக்கு வாய் வரவில்லை. தலையைச் சுற்றி மூக்கைத் தொடப் பார்த்தார். அந்த வருடம் நாங்கள் போகவில்லை.

போன வாரம் அம்மாவிடம் படிவத்தைக் காட்டினேன். அம்மா குழந்தைகள் மருத்துவமனையில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். முப்பது வருடம் தினமும் ஊர்க் குழந்தைகளை எடை பார்த்தவள். சனிக்கிழமைதோறும் என்னையும் கூட்டிப்போய் அந்தத் தராசில் ஏற்றுவாள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிதானமாகப் படித்தாள். கடிதத்தையும் படித்தாள்.

“எடைதான் வேணும்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா? கிராம் கணக்கா சொல்லியிருப்பேனே.”

நாள்காட்டித் தாளை அவள் முன்னால் வைத்தேன்.

“இருபத்தஞ்சு எழுநூறு இருந்தே அப்ப,” என்றாள். பிறகு நாள்காட்டித் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அம்மா அழவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள், அது சுத்தமாகத்தான் இருந்தது.

6

ஆறு அட்டைகளைப் பற்றி.

அப்பாவின் ஊர் பஸ் நிலையத்தில் சிவப்பு நிறத்தில் ஓர் எடை இயந்திரம் இருந்தது. ஏறி நின்றால் கடகடவென்று சத்தம் போட்டு, எடையும் தேதியும் அச்சடித்த அட்டையைத் துப்பும். ஒவ்வொரு குளிர்கால விடுமுறையிலும் நான் பஸ்ஸிலிருந்து இறங்கியதும் பையை வாங்கிக்கொள்வார், தலையைத் தடவுவார், நேரே அந்த இயந்திரத்துக்குக் கூட்டிப்போவார். அறைக்கு வந்ததும் செய்தித்தாளின் மேல் நிற்கவைத்துப் பென்சிலால் என் பாதத்தைச் சுற்றிக் கோடு போடுவார். கூச்சத்தில் நெளிவேன். எல்லா அப்பாக்களும் இப்படித்தான் வரவேற்பார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

26. 29. 33. 37. 42. 47.

தேதிகளை வைத்துப் பார்த்தால் அவருடைய இக்கட்டு புரிகிறது. என் எடை அவருக்குக் கிடைப்பது விடுமுறை வாரத்தில். படிவம் போக வேண்டியது அதற்கு ஆறு வாரம் முன்னால். கையில் எடை இருக்கும்போது விடுதி நிரம்பியிருக்கும், விடுதி காலியாக இருக்கும்போது கையில் ஒரு வருடப் பழைய எடை. வளர்கிற பிள்ளைக்கு அது எதற்கு ஆகும்? ஆனாலும் ஆறு வருடம் விடாமல் சேர்த்திருக்கிறார். நான் அவருடைய வேலையிடங்களில் லிப்டில் ஏறி இறங்கி அந்த வாரங்களைக் கழித்தேன். அவர் மனதில் வேறொரு லிப்ட் ஓடிக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது.

ஏழாவது அட்டை ஏன் இல்லை என்பது எனக்குத் தெரியும். அதைச் சொல்லாமல் விட்டுவிட மூன்று வரைவுகளில் முயன்றேன். பதினைந்து வயது எனக்கு. பஸ் நிலையத்தில் கூட்டம். அப்பா வழக்கம்போல இயந்திரத்தைக் காட்டினார்.

“ஏறு பாப்பா.”

“நான் என்ன மூட்டையாப்பா?”

சத்தமாகத்தான் கேட்டேன். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். “அதானே,” என்று சொல்லிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தார். அதன் பிறகு அவர் என்னை எதிலும் ஏறச் சொன்னதில்லை.

அந்த இயந்திரம் இப்போது இருக்காது. ஆனால் இன்னொரு தடவை அதில் ஏறி நின்று, அட்டை வருகிறவரை அவர் கை என் முதுகில் இருப்பதை உணர வேண்டும்போல் இருக்கிறது. ஏக்கம் என்று இதைத்தான் சொல்வார்கள் என்றால், ஆம், எனக்கு ஏக்கமாக இருக்கிறது. இதை நாசூக்காகச் சொல்ல வேறு வாக்கியம் தேடினேன், கிடைக்கவில்லை.

7

நிகழ்காலத்துக்கு வருகிறேன். எங்கள் வீட்டில் இப்போது விடுதி தேர்வு நடக்கிறது. உறை கிடைத்த மறுநாளே நான்தான் ஆரம்பித்துவைத்தேன்.

என் கணவர் மூன்று விடுதிகளைத் தேர்ந்தெடுத்து, குறுக்கும் நெடுக்குமாகக் கட்டம் போட்டு ஒட்டிவைத்திருக்கிறார். ஒன்றில் சின்னப் பிள்ளைகளைச் சரிவின் மேல் கொண்டுபோக நகரும் பாய் இருக்கிறது. இன்னொன்றில் அறையிலிருந்து பத்தடியில் பனி. மூன்றாவது கொஞ்சம் பழையது, சரிவுகளும் குறைவு. மகனுக்கு ஒரே பலகையில் பக்கவாட்டில் நின்று வழுக்குகிற ஸ்னோபோர்டுதான் வேண்டுமாம்.

“ரெண்டு பலகை சின்னப் பசங்களுக்கும்மா.”

“நீ யாரு?”

“நான் ஏழு.”

மூன்று விடுதிக்கும் நானே போன் செய்தேன். பேச்சுவாக்கில் என் வாயிலிருந்து வந்த கேள்வியைக் கேட்டுக் கணவர் செய்தித்தாளைக் கீழே வைத்தார். “என்னது, கயிறா?” என்றார்.

பழைய விடுதியைத் தேர்ந்தெடுத்தேன். காரணம் கயிறு இல்லை. அங்கே சறுக்கத் தெரியாதவர்களும் நாற்காலி லிப்டில் உட்கார்ந்து மேலே போய், அப்படியே உட்கார்ந்து கீழே வரலாம். முட்டி மடங்காதவர்களும் வரலாம் என்று அந்தப் பெண் இரண்டு தடவை உறுதியாகச் சொன்னாள்.

படிவம் இப்போது கணினித் திரையில். குடும்பச் சீட்டு என்றால் நாலு பேர். மகன் வரிசைகளை எண்ணிப் பார்த்தான்.

“நாலாவது ஆள் யாரும்மா?”

வயது தெரியும், அறுபத்தெட்டு. உயரம், ஓரளவு தெரியும். சறுக்காவிட்டாலும் பனியில் புதையாமல் நடக்க அகலப் பலகை வைத்த காலணி தருவார்களாம், அதற்கும் எடை வேண்டும். அந்தக் கட்டத்தின் மேல் சிவப்பு நட்சத்திரம். வெறுமையாக விட முடியாது. என் விரல் தானாக 75 என்று தட்டியது. தட்டிவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அப்பாவின் எடை எனக்குத் தெரியாது. வீடு மாற்றிய அன்று அவர் இடுப்பு வாரில் திருப்புளியால் குத்திய புது ஓட்டைகள் இரண்டு பார்த்தேன். அது மட்டும்தான் தெரியும்.

8

முடிவுகள். மூன்று எழுதியிருக்கிறேன்.

ஒன்று. நான் 65 என்று குத்துமதிப்பாகப் போட்டுவிடுகிறேன். நாங்கள் போகிறோம். நாற்காலியில் அப்பாவும் நானும். கீழே உலகமே வெள்ளை. அவர் அதைப் பார்க்காமல் அண்ணாந்து கயிற்றைப் பார்த்துக்கொண்டு வருகிறார். நான் அவரைப்— இதற்கு மேல் போகவில்லை. பார்க்காத பனியில் அவரை உட்காரவைக்கிறேன், அதுவும் உத்தேச எடையில். அவருக்குத் தெரிந்தால் இறங்கிவிடுவார்.

இரண்டு. போன் செய்கிறேன். “நல்லா சாப்பிடறீங்களாப்பா?” “சாப்பிடறேனே.” “எவ்வளவு?” அந்தப் பக்கம் நாற்காலி இழுபடும் சத்தம். பிறகு மெதுவாக, “அறுபத்திரண்டு,” என்கிறார். அவருக்குப் புரிந்துவிட்டது. இதுதான் மூன்றில் அழகானது. எழுதி முடித்ததும் நானே இரண்டு தடவை படித்து ரசித்தேன், அதனால்தான் இதை நான் நம்பவில்லை. இதே கேள்வியால் எங்கள் குடும்பத்தில் ஒரு போன் ஏற்கெனவே வைக்கப்பட்டிருக்கிறது. நானும் சுற்றி வளைத்துக் கேட்டுவிட்டு, புரிந்துகொள்ளும் வேலையை அவர் தலையில் கட்டுவது என்ன நியாயம்?

மூன்று. “எனக்கெதுக்கும்மா இந்த வயசுல பனியும் மண்ணும்? நீங்க போய்ட்டு வாங்க.” நடக்கப்போவது இதுவாகத்தான் இருக்கும் என்று எனக்குப் பயம். அவர் அப்படிச் சொன்னால் நான் “சரிப்பா” என்று சொல்லிவிடுவேன். அந்த “சரிப்பா”வை நான் இருபது வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

திரையில் ஒரு சின்னப் பெட்டி வந்து நிற்கிறது. “இன்னும் இருக்கிறீர்களா?” ரொம்ப நேரமாக எதுவும் நிரப்பாததால் படிவம் மூடிக்கொள்ளப் பார்க்கிறது. மகன் என்னை முந்திக்கொண்டு ‘ஆம்’ என்பதை அழுத்துகிறான். “பத்து நிமிஷம்தான் இருக்காம்மா,” என்கிறான்.

இது நாலாவது முடிவு இல்லை. எழுதிக்கொண்டிருந்ததை நிறுத்திவிட்டுப் போனைக் கையில் எடுத்திருக்கிறேன். மணி போகிறது. அவர் மெதுவாகத்தான் வருவார், முட்டி. இந்தக் கதை முழுக்க வாக்கியங்களைப் பாதியில் விட்டுவிட்டு வந்திருக்கிறேன். நீங்களும் கண்டுகொள்ளாமல் படித்தீர்கள், நன்றி. இந்த ஒன்றை மட்டும் நான் பாதியில் விட்டால் நீங்கள் விடாதீர்கள். எங்கள் வீட்டில் யாருக்கும் கேட்கத் தெரியாத கேள்வி அது. என்ன கேட்க வேண்டும் என்று உங்களுக்கு இப்போது தெரியும்.

எடுத்துவிட்டார்.

“பாப்பாவா?”

“ஆமாப்பா, நான்தான்.”

“சொல்லும்மா.”

“அப்பா, உங்க